அளவு ஜாக்கெட்

சொந்தத்தில் நடக்கிற கல்யாணத்துக்கு எல்லோருக்கும் ஒரே துணியில் எடுத்திருந்தார்கள். வெங்காயத் தோல் நிறம். ஆண்களுக்குச் சட்டை, பெண்களுக்குச் சேலையும் ஜாக்கெட்டும். ரேணுகாவுக்கும் எடுத்திருந்தார்கள். ரேணுகா ஆவணியில் காய்ச்சல் வந்து இறந்துபோயிருந்தாள். ஆனால் அவளுடைய ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது. அதனால் அவள் கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும் என்று முடிவாகியிருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஊரில் பெண்கள் யாரும் டெய்லரின் டேப்புக்கு முன்னால் போய் நிற்பதில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். ரேணுகாவின் அளவு ஜாக்கெட் டெய்லர் ஆறுச்சாமியிடம் இருந்தது. இழவு வீட்டு அமளியில் அதைத் திரும்ப வாங்க மறந்துவிட்டார்கள். அது அவர் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அளவு தொங்குகிறவரை ஆள் இருப்பதாகத்தான் தையல் தொழிலில் அர்த்தம். அவர் தைத்துவிட்டார்.

மாமனார் தெய்வசிகாமணி ரேணுகாவின் கணவன் பூபதிக்கு போன் செய்தார்.

“ஏனுங் மாப்ள, ரேணுவோட ஜாக்கெட் வந்துருச்சுங்.”

“அவ செத்துட்டாளுங் மாமா.”

போனுக்குள் நாதஸ்வரமும் தவிலும் திடீரென்று முழங்கின. கெட்டிமேளம். தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மினாலோ, வேண்டாத வார்த்தை எதையாவது சொன்னாலோ காதில் விழக்கூடாது என்பதற்காக அடிப்பது. மாமனார் இப்போது மேளக்காரர்களை வீட்டிலேயே வைத்திருந்தார். முடிகிறவரை பூபதி காத்திருந்தான்.

“ஒண்ணும் கேக்கலீங்,” என்றார் மாமனார். “ஜாக்கெட் அச்சு அசலா வந்துருக்குது. ஆளு மட்டுந்தான் வேணும். சிந்துவக் கூட்டிப்போயிக் காட்டுனேன். தோளு கொஞ்சம் அகலம். புடிச்சுத் தச்சுரலாம்னு ஆறுச்சாமி சொல்றான்.”

“ஜாக்கெட்டயா?”

“அதெப்புடீங்? ஜாக்கெட் அளவாத்தான இருக்குது. சிந்துவ.”

சிந்துஜா ரேணுகாவின் தங்கை. மூத்தவள் போனால் இளையவளைக் கட்டிவைப்பது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. அதற்குப் பேச வேண்டும், நாள் பார்க்க வேண்டும், அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தையலில் அந்தத் தொல்லை இல்லை. ஜாக்கெட் பொருந்திவிட்டால் சிந்துஜா ரேணுகாவாகிவிடுவாள். குரூப் போட்டோவில் பூபதியின் பக்கத்தில் நிற்பாள். சாப்பிட்டுவிட்டு அவனோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். சிந்துஜா என்று ஒருத்தி இருந்ததாகவோ, ரேணுகா என்று ஒருத்தி செத்ததாகவோ பேச்சே இருக்காது.

“போட்டோ எப்பங்?”

“முகூர்த்தம் முடிஞ்ச ஒடனே. உங்களுக்கும் சட்டை எடுத்துருக்குது. நாப்பது சைசு. வந்து போட்டுக்கங்.”

பூபதி போனை வைத்தான். அளவு இல்லாவிட்டால் ஆறுச்சாமியால் சிந்துஜாவைத் தைக்க முடியாது. போட்டோவுக்கு முன்னால் அளவு ஜாக்கெட்டை வாங்கிவிட வேண்டும். அவனுக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

பீரோவைத் திறந்தான். உள்ளே இருந்த துணி எல்லாம் அவன் பிறப்பதற்கு முன்னால் தைத்தவை. ரேணுகா சேர்த்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற பெண் ஒருத்தி தெருவில் வருவாள். மற்றவர்கள் துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கினார்கள். ரேணுகா பாத்திரத்தைக் கொடுத்துத் துணி வாங்கினாள். குக்கர் போய் டெர்லின் பெல்பாட்டம் வந்தது. சாம்பார் வாளி போய்ப் பெரிய பூப்போட்ட நைலக்ஸ் சேலை வந்தது. இட்லிச் சட்டி போனபோது பஃப் கை வைத்த ஜாக்கெட் ஒன்று வந்தது, புளியங்கொட்டை நிறத்தில். அது அவளுக்கு எங்கும் இறுக்காமல், எங்கும் தொளதொளக்காமல் அப்படியே உட்கார்ந்தது. அதைத்தான் ஆறுச்சாமியிடம் அளவுக்குக் கொடுத்தாள். கடைசியில் வீட்டில் டம்ளர்கூட மிச்சமில்லை. இருவரும் குழாயடியில் கை ஏந்தித் தண்ணீர் குடித்தார்கள். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பழைய துணிக்கு ஒரு குணம் உண்டு. போட்டிருக்கிறவர் கூசினால் அது பெரிதாகும்.

முதல் தடவை பெல்பாட்டம் போட்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபதி கூசினான். சட்டையின் தோள் முழங்கைக்கு இறங்கியது. காலர் காதை மூடியது. ரேணுகா குனிந்து சட்டைக்குள் நுழைந்தாள். கழுத்து வழியாக அவன் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வெளியே விட்டாள்.

“இதெல்லாம் புதுசா இருந்தப்ப ஊரே போட்டுதுங்க,” என்றாள். “அப்பப் போட்டதுல என்ன இருக்குது? இப்பப் போடறதுலதான் இருக்குது. நிமிந்து நில்லுங்க.”

பஸ் வருகிறவரை அப்படியே நின்றார்கள். சட்டை இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது.

இப்போது அவன் அரக்கு நிற பெல்பாட்டத்தை எடுத்தான். மஞ்சளில் காப்பிக்கொட்டை நிற வட்டங்கள் போட்ட சட்டை. காலர் இரண்டு பக்கமும் நாய்க் காதுபோல் தொங்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெல்ட். உடுத்திக்கொண்டு கிளம்பினான்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். செம்பைத் தூக்கியவர்கள் அவனைப் பார்த்ததும் இறக்கிவிட்டார்கள்.

“எந்தப் பக்கமுங்? பொண்ணூடா, மாப்பிள்ளையூடா?”

“பொண்ணூடு.”

“பாத்தா ரெண்டுமாத் தெரியலீங்களே.”

உள்ளே எல்லோரும் வெங்காயத் தோல் நிறத்தில் இருந்தார்கள். சுவரும் நாற்காலி உறையும் அதே துணிதான். சிலர் சுவரோடு சாய்ந்து நின்றிருந்ததால் அவர்களுடைய தலை மட்டும் தெரிந்தது. அந்தத் துணியைப் போட்ட பிறகு ஒருவரை ஒருவர் அடையாளம் காண முடியவில்லை. அதனால் சைஸைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“வாங் நாப்பத்திரெண்டு, சாப்ட்டாச்சுங்களா?”

“ஆச்சுங் முப்பத்தெட்டு. வீட்டுல நாப்பத்தாறு வர்லீங்களா?”

“பின்னால வருதுங்.”

மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே துணி. சடங்கு நடத்துகிற அருமைக்காரருக்கு உண்மையான ஜோடி எது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் பிடித்து உட்கார வைத்திருந்தார். அவர்கள் இருவரும் மறுக்கவில்லை.

ஆறுச்சாமி கடையையே மண்டபத்துக்குக் கொண்டுவந்து, மிஷினை மேடைக்குப் பின்னால், சமையல்கட்டுக்குப் போகிற நடையில் போட்டிருந்தார். பூபதி அந்த நடைக்குள் திரும்பினான். குட்டையான நடை. அந்தக் கோடியில் மிஷின் தெரிந்தது. சத்தமும் கேட்டது. இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

“ஆர்கெஸ்ட்ரா சாயந்தரந்தானுங்,” என்றார் ஒருவர், அவன் உடுப்பைப் பார்த்து.

நடை கொஞ்சம் நீண்டது.

“ஒரு காலுல நாலு பேரு ஒக்காந்து வர்லாமாட்ட இருக்குது,” என்றது ஒரு முப்பத்தாறு. “பஸ்ஸு எதுக்கு?”

நடை இன்னும் நீண்டது. மிஷின் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. பூபதியின் சட்டைக் கை விரல்களைத் தாண்டித் தொங்கியது. பெல்பாட்டம் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. உதிர்ந்த பூ, வெற்றிலைக் காம்பு, யாரோ குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. அவன் காலரை விலக்கி வழி பார்த்து நடந்தான்.

“சும்மா இருங்கடி,” என்றாள் ஒரு நாற்பத்து நாலு. அவளுக்கு நல்ல மனசு. குரலில் கண்ணீர் இருந்தது. “பாவம். பொண்டாட்டி இருந்திருந்தா இப்புடிக் கோமாளியாட்டம் வெளிய உடுவாளா?”

பூபதி நின்றான்.

இந்தச் சட்டையை அவள்தான் தேடி எடுத்தாள். பித்தான் போனதற்கு வேறு பித்தான் தேடி ஊரெல்லாம் அலைந்தாள். இந்த பேண்ட்டில் அவன் நடக்கிற நடையை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குக் கோபம் வந்தது. ஆவணிக்குப் பிறகு அவனுக்கு எதுவும் வந்ததில்லை. பசிகூட வந்ததில்லை. இப்போது கோபம் வந்தது.

“இத எனக்குப் போட்டு உட்டதே அவதானுங்,” என்றான். “அவ செத்துட்டா.”

எங்கிருந்தோ கெட்டிமேளம் முழங்கியது. நாற்பத்து நாலு அவன் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினாள்.

பூபதி கீழே பார்த்தான். சட்டைக் கை மணிக்கட்டில் நின்றது. தோள் தோளில் இருந்தது. பேண்ட் ஷூவின் மேல் மடங்காமல் விழுந்தது. கோபமாக இருக்கும்போது எல்லாம் அளவாக இருந்தது. அவன் நிமிர்ந்து நடந்தான். நடை பழைய நீளத்துக்கு வந்தது.

ஆறுச்சாமி குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஸ்டூலில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். மாவட்டக் கபடி அணியின் நீலப் பனியன் போட்டிருந்தாள். எந்த விசேஷத்துக்கும் அதைத்தான் போடுவாள். அணியில் அவள் ரெய்டு போகிறவள். இடது தோளைப் பிடித்துத் தைத்தாகிவிட்டது. அது ரேணுகாவின் தோள்போல் இறங்கியிருந்தது. வலது தோள் மிஷின் ஊசிக்கு அடியில் இருந்தது. அது இன்னும் சிந்துஜாவுடையது.

அளவு ஜாக்கெட் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. பஃப் கை இரண்டும் உள்ளே காற்று இருப்பதுபோல் உப்பியிருந்தன.

“வாங் மாமா,” என்றாள் சிந்துஜா. “பேண்ட்டு நல்லாருக்குது.”

“எந்திரி சிந்து. போலாம்.”

“எங்கீங்க எந்திரிக்கறது? ஊசி எறங்கியிருக்குது.”

“வலிக்குதா?”

“ஏன், வலிச்சா நீங்க ஊதி உடுவீங்களா? இவ்வளவு நேரம் எங்கிருந்தீங்க?”

“நடை நீண்டுருச்சு.”

“உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. அதுக்கு நின்னுருப்பீங்க.” அவள் பல்லைக் கடித்தாள். “அங்க உங்களப் பாத்துச் சிரிச்சாங்க. இங்க என்னயத் தச்சாங்க. எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.”

பூபதி யோசித்தான். இரண்டாவதுதான் பெரிது. அவன் ஆறுச்சாமி பக்கம் திரும்பினான்.

“அந்த அளவு ஜாக்கெட்டக் குடுங்க.”

ஆறுச்சாமி ஒரு குண்டூசியை எடுத்துச் சிந்துஜாவின் தோளில் குத்தினார். “தோளு அடங்கிருமுங். சிரிப்புத்தான் கொஞ்சம் இடைஞ்சல் பண்ணுது. மூத்தது சிக்கனமாச் சிரிக்கும். இது முக்கா கெஜத்துக்குச் சிரிக்குது. உள்ள மடிச்சு ஒரு தையல் ஓட்டணும்.”

“ரேணு சிக்கனமாச் சிரிச்சதே இல்ல.”

“எங்கடைக்கு வரையில அப்புடித்தானுங் சிரிக்கும்.”

“உங்க கடையில சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

ஆறுச்சாமி இதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். “பாருங் தம்பி. அளவக் குடுத்துட்டா ஆளு இல்லைன்னு ஆயிரும்.”

“ஆளு இல்லைங்க.”

“தச்சதுக்கு அப்பறம் வந்து சொன்னா என்ன பண்றது? துணிய வெட்டறதுக்கு முன்னால சொல்லியிருக்கோணும்.”

“அவ துணிய வெட்டறதுக்கு முன்னாலதான் செத்தா.”

கெட்டிமேளம். இந்தத் தடவை பக்கத்திலேயே கேட்டது. மாமனார் நடைக்குள் வந்துகொண்டிருந்தார். வலது கை ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தார். விரல் ஆடுகிறவரை மேளம் நிற்கக் கூடாது. அவருக்குப் பின்னால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு. அவர் எங்கே போனாலும் அந்த நால்வரும் போனார்கள். குளிக்கப் போகும்போதுகூட வெளியே நிற்பார்களாம்.

அவர் விரலை இறக்கினார். மேளம் நின்றது.

“ஏனுங் மாப்ள, இதென்னுங் கோலம்?”

“சட்டைங்.”

“சர்க்கஸ்ல சிங்கம் செத்துப்போச்சுன்னு லீவு உட்டாங்களாட்ட.” சிங்கத்துக்கு மேளம் அடிக்கத் தேவையில்லைபோல. “நாப்பதச் சொல்லி எடுத்து வெச்சிருக்கறேன். அதக் கழட்டிட்டு இதப் போடுங். போட்டோக்காரன் காத்துட்டிருக்கறான்.”

“போடமாட்டனுங்.”

“ஒரு நாளைக்குங். ஊரோட ஒத்து ஒரே ஒரு நாளைக்கு.”

“ஊரோட ஒத்துத்தானுங் சிந்துவத் தைக்கறீங்க?”

மாமனாருடைய முகம் சிவந்தது. “எம்புள்ளைய நான் தைக்கறேன். உங்களுக்கு என்னுங்? நீங்க பாட்டுக்குப் பழைய துணியப் போட்டுட்டுத் திரியறீங். எனக்கு ஜாக்கெட் வந்துருச்சு. சேலை வந்துருச்சு. மடிச்சு வெச்சிருக்குது. அத யாருக்குக் கட்டறது? நாயிக்கா?”

“கட்டாதீங்க.”

“போட்டோவுல ஒரு ஆளு கொறையும்.”

“கொறையட்டும். அவ செத்து...”

விரல் மேலே போனது. மேளம் விழுந்தது. பூபதி கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அவன் நிறுத்தியதும் மாமனார் விரலை இறக்கினார். அவன் வாயைத் திறந்ததும் விரல் எழுந்தது. மறுபடியும் திறந்தான். மறுபடியும் எழுந்தது. தவில்காரர் ஒருவர் அனுதாபத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டே அடித்தார். இத்தனை மாதமும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தில், பால்காரரிடம், பக்கத்து வீட்டில், ஆபீஸில், அவன் அந்த வார்த்தையைச் சொல்லப் போகும்போதெல்லாம் யாரோ எதையோ சத்தமாகப் பேசியிருக்கிறார்கள். பூபதிக்குக் கண் இருட்டுகிற அளவுக்குக் கோபம் வந்தது. சட்டை தோல்போல் ஒட்டிக்கொண்டது. ஆனால் கத்துவதற்கு மூச்சு இல்லை.

சிந்துஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தள்ளுங் மாமா,” என்றாள். “உங்களுக்கு மூச்சுப் புடிக்கத் தெரியாது.”

அவள் எழுந்தாள். ஊசி ஒடிந்தது. ஆறுச்சாமி ஐயோ என்றார். அவள் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலால் நடையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மூச்சை இழுத்தாள். கோட்டைத் தாண்டினாள்.

“செத்துட்டா செத்துட்டா செத்துட்டா செத்துட்டா...”

விரல் எழுந்தது. மேளம் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. கபடிக்காரிக்கு ஒரே மூச்சுத்தான். சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, விடாமல் சொன்னால் போதும். கை இரண்டையும் விரித்துப் பக்கவாட்டில் ஆடி ஆடிப் போனாள். மேளக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து பின்வாங்கினார்கள். முதல் நாதஸ்வரக்காரர் மூச்சு எடுக்க வாயைக் குழலிலிருந்து எடுத்தார். அவள் பாய்ந்து அவர் முட்டியைத் தொட்டாள். அவர் அவுட். விதி விதிதான். அவர் குழலை இடுக்கிக்கொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“...செத்துட்டா செத்துட்டா அக்கா செத்துட்டா...”

இரண்டாவது நாதஸ்வரக்காரர் திரும்பி ஓடப் பார்த்தார். முதுகில் தொட்டாள். தவில்காரர்கள் வேகமாக அடித்தார்கள். உறவுக்காரர்கள் நடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டும் முப்பத்தெட்டும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலி கட்டினார்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஆடியவர்கள்தான். அவள் சங்கிலியின் அடியில் புகுந்து வந்தாள். இடது தோளில் ஆறுச்சாமி போட்ட தையல் பட்பட்டென்று தெறித்தது. தோள் பழைய அகலத்துக்கு விரிந்தது. அந்தத் தோளால் ஒரு தவிலை முட்டினாள். காலை நீட்டி இன்னொன்றைத் தொட்டாள்.

மேளம் நின்றுவிட்டது. அவள் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. சொல் நிற்கவில்லை. இப்போது அது மட்டும்தான் கேட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. மேடையில் தாலி கட்டப் போன பையன் கையை அப்படியே வைத்துக்கொண்டான்.

மாமனார் விரலை ஆட்டிக்கொண்டே நின்றார். யாரும் அடிக்கவில்லை. சிந்துஜா அவர் முன்னால் போய், ஆடுகிற விரலைக் கையால் பிடித்தாள்.

“...செத்துட்டா,” என்று முடித்தாள். மூச்சு விட்டாள். “அவுட்டுப்பா.”

அவர் நடைத் தரையிலேயே உட்கார்ந்தார்.

சத்தமே இல்லை. சமையல்கட்டில் எண்ணெய் கொதிப்பது கேட்டது. மாமனாருடைய வெங்காயத் தோல் சட்டை பெரிதாகத் தொடங்கியது. புதுத் துணி அப்படிச் செய்யாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது அவர் முழங்காலை மூடியது. கையை மூடியது. காலருக்குள் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உள்ளேயிருந்து பேசினார்.

“மறக்கலீங் மாப்ள.”

“என்னதுங்?”

“அளவு ஜாக்கெட்ட. வாங்கறதுக்குப் போனேன். கடை வாசல் வரைக்கும் போனேன். ஆணியில தொங்குச்சு. கையி ரெண்டும் உப்பிட்டு, இப்பத்தான் கழட்டி மாட்டுனாப்புல. தொங்கட்டும்னு திரும்பிட்டேன்.”

பூபதி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் குறையும் என்று எதிர்பார்த்தான். குறையவில்லை. இந்த ஆள் மகளை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு, இன்னொரு மகளைத் தைக்கக் கொடுத்திருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னான். இப்போது எல்லாம் கேட்டது. மாமனார் சட்டைக்குள்ளிருந்து, ஆமாங், என்றார்.

ஆறுச்சாமி ஆணியிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தார். தட்டி, மடித்து, பூபதியிடம் நீட்டினார்.

“இனி நான் எத வெச்சுத் தைக்கறதுங்?”

“தைக்காதீங்க.”

அவன் அதைச் சட்டைக்குள் வைத்துப் பெல்ட்டை இறுக்கினான். சிந்துஜா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். தோளைச் சுழற்றிப் பார்த்தாள்.

“வலிக்குதுங் மாமா.”

“ஊதி உடட்டுமா?”

அவள் சிரித்தாள். முக்கால் கெஜத்துக்குக் குறையாமல் இருந்தது.

போட்டோக்காரப் பையன் கேமராவோடு நடைக்குள் வந்தான். வெகுநேரம் காத்திருந்ததில் அவனுக்கு லேசாகத் தாடி வளர்ந்திருந்தது.

“வரிசையா நிக்க வெச்சுட்டனுங். எண்ணிப் பாத்தா ஒரு ஆளு கொறையுது. எப்புடிங் எடுக்கறது?”

மாமனார் சட்டையின் கழுத்து வழியாக வெளியே வந்தார். வெறும் பனியனும் வேட்டியுமாக நின்றார். சட்டை காலியாகத் தரையில் கிடந்தது.

“கொறையுதுன்னா கொறையறதோட எட்றா,” என்று கத்தினார். “எம்புள்ள செத்துப்போச்சு. ரேணுகா செத்துப்போச்சு. கேக்குதா உனக்கு? கொறையாம எங்கிருந்து எடுப்ப?”

மேளக்காரர்கள் அசையவில்லை. அவர்கள் அவுட்.

தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் மேடையில் நின்றார்கள். பனியனோடு மாமனார், கபடிப் பனியனோடு சிந்துஜா, நடுவே ஒரு ஆள் அளவுக்கு இடம், அதற்கு இந்தப் பக்கம் பூபதி. உறவுக்காரர்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கால் சும்மா இருக்காது. பழக்க தோஷத்தில் நெருங்கி நெருங்கி வந்தார்கள். பூபதி ஒரு கையை இடுப்பில் வைத்து முழங்கையை வெளியே நீட்டினான். பெல்பாட்டத்தை அகட்டி நின்றான். அந்தப் பக்கம் சிந்துஜா தோளை நிமிர்த்தினாள். நாற்பத்திரண்டு நெருங்கிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவன் காதோரம் குனிந்தார்.

“எம்பேரு சென்னியப்பனுங்,” என்றார் மெதுவாக. “இந்த பேண்ட்டு எங்கீங் கெடைக்குது?”

“டம்ளர் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்.”

“அப்பறம் சொல்றேன்.”

போட்டோக்காரப் பையன் சிரிக்கச் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் கேமராவைக் கண்ணில் வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

“அண்ணா, நடுவுல யாருமே இல்லீங். ஃபோகஸ் எங்க வெக்கறது?”

“அங்கயே வை,” என்றான் பூபதி.